சக்கரத்துக்கு வைத்த கல்

ஐந்தரைக்கு எழுந்தேன். அடுப்பில் தண்ணீர் வைத்தேன். பாப்பாவின் இரண்டு பால் புட்டிகளையும் வெந்நீரில் போட்டு எடுத்தேன். ராகி மாவைக் கரைத்துக் கூழ் காய்ச்சினேன். கட்டி தட்டவில்லை. பத்து மாதத்தில் கை பழகிவிட்டது.

ஆறேகாலுக்குப் பாப்பா விழித்தாள். துணி மாற்றினேன். கூழில் பாதியைக் குடித்தாள், மீதியை என் சட்டையில் துப்பினாள். சட்டையை மாற்றினேன். ஏழு மணிக்கு அவளை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், கொடுத்துவிட்டுச் சவரம் செய்ய உட்கார்ந்தேன்.

மாமனார் வாசல்படியில் வந்து நின்றார்.

"தாடி இருக்கட்டும் மாப்ள. இன்னிக்கு ஒரு நாள்."

சோப்பைக் கழுவினேன்.

என் மாமனார் குழந்தைவேலை இந்த மலையில் பட்டாளத்து வக்கீல் என்பார்கள். எம்.எல்.ஏ. ஆகி மூன்று வருடம் ஆகியும் அந்தப் பெயர் போகவில்லை. பதினேழு வருடம் ராணுவத்தில் லாரி ஓட்டினார். அதில் பாதிக்கு மேல் லடாக் பக்கத்து மலை ரோடுகளில். அங்கிருந்தபடியே தபாலில் டிகிரி வாங்கி, ஊருக்குத் திரும்பியதும் சேலத்தில் சட்டம் படித்தார். கரடியூர்க்காரர்களின் பட்டா வழக்குகளுக்குப் பீஸ் வாங்காமல் வாதாடினார். பலாப்பழமோ மிளகோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். அந்த மனிதர் மேல் வைத்த மரியாதையில்தான் அவர் மகளைப் பெண் கேட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய கடிதங்கள், மனுக்கள், மேடைப் பேச்சுகள் எல்லாம் நான் எழுதுகிறேன். என் எம்.ஏ. அதற்குப் பயன்பட்டது.

என் மனைவி சுஜாதா இறந்த கதையையும் சொல்லிவிட வேண்டும். சுருக்கமாக: போன மே மாதம் பிரசவம் ஏற்காட்டிலேயே நல்லபடியாக நடந்தது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. சேலத்துக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். அன்றைக்கு ஒரு மந்திரி சமுதாயக் கூடம் திறக்க மேலே வந்துகொண்டிருந்தார். பதினோராவது கொண்டை ஊசி வளைவில் போலீஸ் எங்கள் ஆம்புலன்ஸை ஓரங்கட்டியது. இருபத்திரண்டு நிமிடம் நின்றோம். அடிவாரம் வருவதற்குள் அவள் போய்விட்டாள்.

மந்திரி ஊர்வலத்துக்கு முன்னால் பைலட் வண்டியாகப் போனது மாமனாரின் கார். எங்கள் ஆம்புலன்ஸ் அந்த வளைவுக்கு வருவதற்கு முன்பே தன் கார் கடந்துவிட்டது என்று அவர் சொன்னார். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். நாங்கள் நம்பினோம்.

பழி யார் மேலாவது விழ வேண்டும். ஆம்புலன்ஸில் கூட வந்த மருத்துவ உதவியாளர் லூர்துசெல்வி மேல் விழுந்தது. வழியில் வேண்டுமென்றே தாமதித்தாராம். பத்து மாதமாக சஸ்பெண்ட். டிரைவர் சரவணன், கொடுத்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓசூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மிஞ்சியவன் நான். இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஏற்காட்டில் விசாரணை. நான் சொல்வதை வைத்து லூர்துசெல்விக்கு வேலை உண்டா இல்லையா என்று முடிவாகும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கள் பின்வாசலுக்கு வந்தார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"எனக்காகப் பொய் சொல்ல வேண்டாங்க சார். நடந்ததைச் சொல்லுங்க, போதும்" என்றார்.

பார்க்கலாம் என்றேன். பேருந்தைப் பிடிக்க ஓடினார்.

*

எங்கள் வீட்டு கேட்டில் ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருக்கிறது. அதில் சுஜாதா சிரிக்கிறாள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டியது. என்னை நீக்கிவிட்டார்கள். அவள் தோளில் என் நான்கு விரல்கள் மட்டும் மிச்சம்.

படத்துக்குக் கீழே அவளுடைய கடைசி வார்த்தை என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. "அப்பா, இந்த மலையில இனி ஒருத்தியும் வழியில சாகக் கூடாது."

அவள் அப்படிச் சொல்லவில்லை.

முப்பதாம் நாள் கூட்டத்தில் மாமனார் திடீரென்று அதைச் சொன்னார். கூட்டம் அழுதது. மறுநாள் என்னை அழைத்து, அதை ஒழுங்காக டைப் அடிக்கச் சொன்னார். அடித்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினான்கு மேடைகள். அந்த வரிக்கு முன்னால் இரண்டு அங்குலம் இடம் விட்டு எழுத வேண்டும். அங்கேதான் அவர் கண்ணாடியைக் கழற்றுவார்.

நான் இடம் விட்டு எழுதினேன். பதினான்கு முறை.

எட்டு மணிக்கு மாமனார் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இலைக்குப் பக்கத்தில் நாலு காகிதம். என்னுடைய வாக்குமூலம். நான் சொல்லப்போவதை அவர் எழுதியிருந்தார்.

"படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க மாப்ள. நொம்பச் சுருக்கமாத்தான் எழுதியிருக்கறேன். விசாரிக்கற அம்மா என்ன கேட்டாலும், இதுல இருக்கறதுதானுங்கன்னு சொன்னாப் போதும்."

"லூர்துசெல்விக்கு வேலை போயிடுங்களே."

"போவட்டும். வேற எங்காச்சும் சேர்த்து உட்டுடறேன். கட்சிக்காரங்க ஆஸ்பத்திரி ரெண்டு இருக்குது." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "அவ மேல எனக்கு என்ன பகை? யாராச்சும் ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். இல்லைன்னா போலீஸுக்குப் போவும், போலீஸ்ல இருந்து மந்திரிக்குப் போவும். அடுத்த வருஷம் எலெக்சன்."

முதல் பக்கத்தில் ஒரு சொட்டுச் சட்னி விழுந்தது. 'மறைந்த என் மனைவி சுஜாதா' என்ற வரியின் மேல். கட்டை விரலால் துடைத்தார். பச்சையாகப் பரவியது.

"வேற காப்பி எடுத்துக்கலாம்" என்றார்.

கமலக்கண்ணன் சிரித்தான். அவன் மாமனாரின் உதவியாளன், டிரைவர், மேடையில் முதல் கைதட்டுபவன். "அண்ணன் கை பட்டா அது ராசிங்க" என்றான்.

சாப்பிடாமல் காகிதத்தை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன்.

நல்ல டிராஃப்ட். குப்பனூர் வழியாகப் போயிருந்தால் தடையே இருந்திருக்காது என்று ஐந்தாவது பத்தியில் இருந்தது. அது சுற்று வழி என்பதை எழுதவில்லை. ஏழாவது பத்தியை இரண்டு முறை படித்தேன்.

'மேற்படி ஆம்புலன்ஸ், பதினோராவது வளைவில், முன் வலது சக்கரத்துக்குக் கல் வைத்து, ஊழியர்களின் சொந்த விருப்பத்தின் பேரில் நிறுத்தப்பட்டிருந்ததை நான் நேரில் கண்டேன்.'

நான் காணவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் பின்கதவு வழியாக ஏறியவன், சேலத்தில்தான் இறங்கினேன். சக்கரத்துக்குக் கல் வைத்தார்களா என்றே எனக்குத் தெரியாது.

லூர்துசெல்விக்குப் போன் செய்தேன். பேருந்தில் இருந்தார். இரைச்சல்.

"அன்னிக்கு வண்டிச் சக்கரத்துக்குக் கல் வெச்சீங்களா?"

"வெச்சேனுங்க சார். போலீஸ் நிறுத்தினதும் எறங்கி வெச்சேன். ஹேண்ட் பிரேக் சரியில்லைன்னு சரவணன் சொன்னான். ஏனுங்க, அது தப்புங்களா?"

"தப்பில்லைங்க. யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"கல்லு வெக்கறதெல்லாம் சொல்ற விஷயமுங்களா. மலையில எல்லாரும் வெக்கறதுதான."

"எப்ப எடுத்தீங்க?"

"மந்திரி வண்டியெல்லாம் மேல போனதும் எடுத்துட்டேன். அப்பவே கெளம்பிட்டோமே." கொஞ்சம் நிறுத்திக் கேட்டார். "சார், வந்துருவீங்கள்ல?"

"வர்றேன்" என்றேன்.

*

பத்தேகாலுக்குக் கிளம்பினோம். கமலக்கண்ணன் ஓட்டினான். மாமனார் முன்னால். பின்னால் நானும் அத்தையும். பாப்பா அத்தை மடியில்.

"கொழந்தை எதுக்குங்க?" என்று அத்தை கிளம்பும்போதே கேட்டார்.

"வரட்டும் கௌரி. வெளிய பத்திரிகைக்காரங்க இருப்பாங்க."

அத்தை பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினார். முப்பது வருடப் பழக்கம்.

பாப்பா முன்னால் எட்டி மாமனார் தோளில் கிடந்த துண்டின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "சாமி, தாத்தா துண்டு வேணுமா" என்றார். அவருக்குப் பேத்தி மேல் உயிர். அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டு பக்கமும் காபித் தோட்டம். எஸ்டேட் ஆட்கள் காரின் ஹார்னைக் கேட்டதுமே அடையாளம் கண்டு ஓரம் ஒதுங்கிக் கும்பிட்டார்கள். அவர் கையை உயர்த்திக்கொண்டே வந்தார்.

"மாமா" என்றேன். "ஏழாவது பத்தியில ஒரு கல் வருதுங்களே."

"ஆமா. அதுதான் நம்ம பாயின்ட்." குரலில் உற்சாகம் வந்துவிட்டது. "போலீஸ் நிறுத்தினா வண்டிக்காரன் எப்படி நிப்பான்? பிரேக்க மிதிச்சுக்கிட்டு எப்ப விடுவாங்கன்னு நிப்பான். எறங்கிக் கல்லு தேடி வெக்கறவன் அவசரமில்லாதவன். கோர்ட்ல இது ஒண்ணு போதும்."

"அந்தச் சரிவுல கல் வெக்காம நிக்க முடியுங்களா?"

"வெச்சதையாச்சும் ஒழுங்கா வெச்சாங்களா? முட்டையாட்டம் உருண்டைக் கல்லு. அதுவும் சக்கரத்துக்கு நேரா இல்ல, ஓரமா. பிரேக் விட்டுச்சுன்னா அப்படியே ஏறிக் குதிச்சுப் பள்ளத்துக்குப் போயிருக்கும். பட்டையான கல்லுதான் வெக்கோணும். லடாக் ரோட்டுல எங்க பசங்க இப்படி வெச்சா அறைவேன். போறப்பவே நெனச்சேன், இவங்களுக்கெல்லாம் யாரு…"

நிறுத்தினார்.

கமலக்கண்ணன் கியரை மாற்றினான். மாற்ற வேண்டிய இடமில்லை.

அத்தை மெதுவாகத்தான் கேட்டார். "எப்பங்க போறப்ப?"

"என்ன?"

"போறப்பவே நெனச்சேன்னீங்களே. எப்பப் போறப்ப?"

"ஒரு போலீஸ்காரன் சொன்னான் கௌரி. கல்லு அப்படி இருந்துச்சுன்னு."

"சொன்னான்னு சொல்லலீங்களே. நெனச்சேன்னுதான சொன்னீங்க."

மாமனார் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாதத்தில் தோற்கும்போது வக்கீல்கள் செய்வது அது. பிறகு திரும்பினார். இப்போது பேசியது பட்டாளத்துக்காரர்.

"கான்வாய்னு ஒண்ணு இருக்குது. பைலட் வண்டி நின்னா, பின்னாடி நாப்பது வண்டி வளைவுல நிக்கோணும். நடுவுல மந்திரி. நிக்கவே கூடாது, அது ரூலு. உள்ள யாரு இருக்கறாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆம்புலன்ஸ்னு தெரியுமில்லீங்க" என்றேன்.

"ஆம்புலன்ஸ் தெனம் போவுது மாப்ள."

அத்தை குனிந்து பாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். துண்டின் நுனியை அவள் வாயிலிருந்து வெளியே இழுத்தார். ஈரமாக இருந்தது. பாப்பா அழ ஆரம்பித்தாள்.

"வண்டிய நிறுத்து கமலா."

"அக்கா, நேரமாச்சுங்க…"

"நிறுத்து."

அத்தை பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். நான் பையை எடுத்துக் கொடுத்தேன். புட்டி இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்த்துக்கொண்டார்.

"கௌரி, ஏறு. ஊர் பாக்குது."

"நீங்க போங்க" என்றார் அத்தை. "நீங்கதான் நிக்கக் கூடாதே."

வந்த வழியே நடந்தார். வீட்டுக்குப் போகும் பிரிவில் திரும்புவார் என்று நினைத்தேன். திரும்பாமல் நேரே போனார். அந்தப் பக்கம் அவருக்குச் சொந்தம் என்று யாரும் இல்லை.

எனக்கும் இறங்க வேண்டும் போல்தான் இருந்தது. பதினொரு மணிக்கு ஒருத்தி என்னை நம்பிக் காத்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஒரு மைல் போன பிறகு மாமனார் பேசினார்.

"அவ வந்துருவா. நீங்க கையெழுத்தப் போடுங்க. மத்ததை ஊட்டுல பேசிக்கலாம்." பிறகு திரும்பாமலே சொன்னார். "பாப்பா எங்க ஊட்டுல வளருது. அதையும் மனசுல வெச்சுக்கங்க."

பத்து மாதமாகப் பால் புட்டி கழுவுகிறவன் நான்.

*

விசாரணை நடந்த கட்டடத்தின் வாசலில் நாலைந்து கேமராக்கள். மாமனார் இறங்கியதும் கண்ணாடியைக் கழற்றினார். ஒருவர் மைக்கை நீட்டினார். மாமனார் ஆரம்பித்தார். "என் மக சாகறப்ப என்ன சொன்னா தெரியுங்களா…" நான் நகர்ந்தேன்.

கமலக்கண்ணன் காரைப் பூட்டிவிட்டு என் பக்கத்தில் வந்தான். காலையில் சிரித்த முகம் இல்லை.

"அன்னிக்கு ஆம்புலன்ஸ்ல ஏறினதும் போன் பண்ணினீங்களே. நான்தான எடுத்தேன்."

"ஆமா. அண்ணன் மந்திரிகூட இருக்காருன்னு சொன்னே."

"மந்திரி அப்ப வரவே இல்லீங்க. நான் போனை அண்ணன்கிட்ட…"

"கமலா" என்று மாமனார் கூப்பிட்டார். அவன் போய்விட்டான்.

உள்ளே நீள மேசை. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி, சேலத்திலிருந்து வந்தவர். ஒரு எழுத்தர் கம்ப்யூட்டர் முன்னால். லூர்துசெல்வி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட யூனிஃபார்ம். சஸ்பெண்ட் ஆனவர் அதைப் போடக் கூடாது. போட்டிருந்தார்.

மாமனார் குடும்பத்தின் வழக்கறிஞர் என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாக்குமூலத்தின் புதுப் பிரதியை மேசையில் வைத்தார். சட்னிக் கறை இல்லாதது.

அதிகாரி புரட்டினார். "கையெழுத்து இல்லையே."

"இப்பப் போட்டுடுவாருங்க மேடம்." மாமனார் பேனாவின் மூடியைத் திறந்து எனக்கு நீட்டினார்.

நான் வாங்கவில்லை. பேனா மேசையின் மேல் நீட்டியபடியே இருந்தது. கடைசியில் அவரே கீழே வைத்தார்.

"இதுல இருக்கறது நீங்க சொன்னதுதானா?" அதிகாரி என்னைக் கேட்டார்.

"இல்லைங்க மேடம். நான் சொல்லலை. சக்கரத்துக்குக் கல் வெச்சதை நான் பார்க்கலை. நான் பின்னாடி உட்கார்ந்திருந்தேன், இறங்கவே இல்லை. கல்லைப் பார்த்தவர் ரோட்டுல போனவர்."

"யாரு?"

"பக்கத்துல இருக்காரு."

மாமனார் எழுந்தார். "மேடம், மனைவிய இழந்தவரு. இன்னிக்கு மனநிலை சரியில்லை. வேற தேதி கொடுத்தீங்கன்னா…"

"உட்காருங்க சார்."

அவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

"வண்டியை யார் நிறுத்தினது?"

"போலீஸ். இந்த அம்மா இறங்கிப் போய்க் கெஞ்சினாங்க. மூணு தடவை. திரும்பி வந்து சுஜாதாவோட வயித்தை அமுக்கிப் பிடிச்சாங்க. அவங்க மேல எந்தத் தப்பும் இல்லைங்க. பத்து மாசத்துக்கு முன்னாடியே இதை நான் சொல்லியிருக்கணும்."

எழுத்தர் தட்டினார். லூர்துசெல்வி என்னைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி கடைசிப் பக்கத்துக்குப் போனார். "இறந்தவங்க கடைசியா சொன்னதுன்னு இங்க ஒண்ணு எழுதியிருக்கு. ஊரெல்லாம் போர்டுலயும் பார்த்தேன்."

"அதை டைப் அடிச்சது நான்தாங்க. அவ அதைச் சொல்லலை."

"எதுவும் சொல்லலையா?"

சொன்னாள். பதினோராவது வளைவில், லூர்துசெல்வி போலீஸ்காரரிடம் போயிருந்தபோது. ரத்தம் போன மயக்கத்தில் பிதற்றுகிறாள் என்று நினைத்தேன். "பேசாம படு" என்றேன். மாமனார் முன்பே போய்விட்டதாகச் சொன்னதும், பிதற்றல்தான் என்று முடிவு கட்டினேன். இன்று காலை வரைக்கும் அப்படித்தான் வைத்திருந்தேன். அவள் மயக்கத்தில் இல்லை. அவளுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது. கதவுக்கும் எனக்கும் மூன்றடி தூரம். நான் இறங்கவில்லை.

"சொல்லுங்க" என்றார் அதிகாரி. "அவங்க சொன்ன மாதிரியே சொல்லுங்க."

எழுத்தர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

"ஏனுங்க, அப்பா ஹார்ன் அடிக்கறாருங்க. எறங்கிப் போய்க் கை காட்டுங்க. நிறுத்துவாரு."